உடலைச் சாய்க்க ஓரிடம்

1932ஆம் ஆண்டுக் கோடையில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த டாக்டர் மோலரின் சானட்டோரியத்தில் நாற்பத்தொரு வயது இந்தியர் ஒருவர் ஓய்வுக்காகச் சென்று தங்கினார். லண்டனில் ஒரு பெரும் வேலையை முடித்துவிட்டு வந்தவர் அவர். பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர் என்பது அவர் பெயர். அண்ணலின் வாழ்க்கை வரலாறுகளில் இந்த நாட்களுக்குக் கிடைத்திருப்பது ஓரிரு வரிகள்தாம். முன்னே வட்டமேசை மாநாடுகள், பின்னே பூனா ஒப்பந்தம் என்று இருபுறமும் பெரும் நிகழ்வுகள் மலைபோல் நிற்க, இடையில் கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கை எவரும் நின்று பார்ப்பதில்லை. நாம் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

அந்த உடல் எவ்வாறு களைத்தது என்பதை நாட்காட்டியே சொல்லும். 1930 அக்டோபர் 4 அன்று முதல் வட்டமேசை மாநாட்டுக்காக அவர் பம்பாயில் கப்பலேறினார். தீண்டத்தகாத மக்களின் சார்பில் அம்மாநாட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் இருவர். மற்றவர் சென்னை மாகாணத்தின் இரட்டைமலை சீனிவாசன். 1931 பிப்ரவரி இறுதியில் திரும்பியவர், ஆகஸ்ட் 15 அன்று இரண்டாம் மாநாட்டுக்காக மீண்டும் கடல் கடந்தார். தீண்டத்தகாதோருக்கும் தாமே பிரதிநிதி என்று காந்தியார் உரிமை கோரியதும், அதை அம்பேத்கர் நேருக்கு நேர் மறுத்ததும் அங்கேதான். அது முடிந்ததும் அமெரிக்காவுக்குச் சென்று, திரும்ப லண்டன் வந்து, 1932 ஜனவரி 29 அன்று பம்பாய் சேர்ந்தார்.

கரையிறங்கியவருக்கு லோதியன் பிரபு தலைமையிலான வாக்குரிமைக் குழுவின் வேலை காத்திருந்தது. யாருக்கு வாக்குரிமை, எத்தனை பேருக்கு, தீண்டத்தகாதோர் எனப்படுவோர் யார், அவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விகளுடன் அக்குழு மாகாணம் மாகாணமாகச் சுற்றியது. பல மாகாணங்களில் சாதி இந்துச் சாட்சிகள் தங்கள் பகுதியில் தீண்டாமையே இல்லையென்றும், இருந்தாலும் மிகச் சிலரே என்றும் சொன்னார்கள். எண்ணிக்கை குறைந்தால் இடங்களும் குறையும் அல்லவா? அந்தக் கணக்கை அம்பேத்கர் ஒவ்வோர் அமர்விலும் உடைக்க வேண்டியிருந்தது. மே மாதம் குழுவின் வேலை முடிந்தது. அம்மாதம் 26ஆம் நாளே மறுபடியும் கப்பல். இம்முறை மாநாடும் இல்லை, அழைப்பும் இல்லை. தனி வாக்காளர் தொகுதி குறித்த முடிவு பிரிட்டிஷ் அமைச்சரவையின் கையில் இருந்தது. எம்.சி. ராஜா டாக்டர் மூஞ்சேயுடன் செய்துகொண்ட உடன்பாடு கூட்டுத் தொகுதி முறையை ஏற்றிருந்தது. தீண்டத்தகாதோரே இரு கூறாக நிற்கிறார்கள் என்று லண்டன் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக, விளம்பரம் ஏதுமின்றிப் புறப்பட்டு, அமைச்சர்களைச் சந்தித்து, தம் வாதங்களை எழுத்தில் அளித்தார். அதன் பிறகே டிரெஸ்டன்.

ஓர் இயக்கத்துக்கு அயராத தலைவர் தேவைப்படுகிறார். ஆகவே அம்பேத்கரை நாம் அயராதவராகவே வரைந்திருக்கிறோம். நம் ஊர்ச் சிலைகளில் பெரும்பாலும் அவர் நின்றுகொண்டிருக்கிறார்; ஒரு கையில் புத்தகம், மறு கையில் நீட்டிய விரல். நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் படித்தார் என்பதை விடுதி மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். நீரிழிவும் நரம்பு வலியும் அவரைத் தின்றதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். இது மரியாதைதான், ஆனால் முழு உண்மையன்று. களைத்தார், நோயுற்றார், ஓய்வை நாடினார், பலமுறை அது கிடைக்காமல் திரும்பினார் என்பதும் அந்த வாழ்க்கையின் பகுதி. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் விடையில் சாதி வருகிறது.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1917 ஆகஸ்டில் அவர் லண்டனிலிருந்து நாடு திரும்பினார். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவர் வந்த கப்பல் தப்பியது. அவருடைய உடைமைகளை ஏற்றிவந்த வேறொரு கப்பல் நீரில் மூழ்கடிக்கப்பட்டது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்பதால், ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியாற்ற வேண்டும். இழந்த உடைமைகளுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம்தான் பரோடா போவதற்கு உதவியது. நியூயார்க்கிலும் லண்டனிலும் கழிந்த ஆண்டுகள், தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவையே அவரிடமிருந்து அழித்திருந்தன. பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அந்த நினைவு திரும்பியது. எங்கே தங்குவது? இந்து விடுதிகள் சேர்க்கா. பொய்ப் பெயரில் சேர்ந்து, பிறகு பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது தெரியும். அமெரிக்காவில் உடன் பழகிய நண்பர்கள் அவ்வூரில் இருந்தனர். ஆனால் வீட்டுக்கு அழைப்பார்களா என்ற உறுதி இல்லை.

இறுதியில் ஒரு பார்சி விடுதி. கீழ்த்தளத்தில் ஒரு முதியவர் குடும்பத்துடன் இருந்தார், மேல்தளம் பயணிகளுக்கானது. பார்சி அல்லாதவரைச் சேர்க்க விதியில்லை. முதியவருக்கோ வருமானம் வேண்டும். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது என்று இருவரும் உடன்பட்டனர். அறிவுத் துறையில் உலகின் மிக உயர்ந்த பயிற்சிகளில் ஒன்றைப் பெற்றுவந்த மனிதர், உறங்குவதற்கு ஒரு கட்டில் வேண்டித் தம் பெயரை மாற்றிக்கொண்டார். மேல்தளத்தில் அவர் ஒருவரே விருந்தினர். சிறிய படுக்கையறை ஒன்று. மீதி இடமெல்லாம் உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் கிடந்த இருண்ட கூடம். ஓர் அரிக்கேன் விளக்கு. இரவில் வௌவால்களின் சிறகடிப்பு. பகலில் அலுவலகத்தில் முடிந்த அளவு நேரத்தைக் கழித்துவிட்டு, இரவில் அந்தக் கூண்டுக்குத் திரும்பினார். ஆயினும் தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தது.

பதினோராம் நாள் காலை, அவர் அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தில், கையில் தடிகளுடன் ஒரு டஜன் பார்சிகள் படியேறி வந்தனர். விடுதி தீட்டுப்பட்டுவிட்டது என்பது குற்றச்சாட்டு. மாலைக்குள் வெளியேற வேண்டும் என்பது தீர்ப்பு. அரசு பங்களா கிடைக்கும் வரை ஒரு வாரம் பொறுக்குமாறு அவர் வேண்டியும் பயனில்லை. ஓர் இந்து நண்பரிடம் கேட்டார். தம்மை வீட்டில் சேர்த்தால் வேலைக்காரர்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்றார் அவர். ஒரு கிறித்தவ நண்பரிடம் கேட்டார். சாதி இந்துவாக இருந்து மதம் மாறியவர் அவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை கமாத்தி பாக் என்னும் பொதுப்பூங்காவில் அமர்ந்திருந்தார். பெற்றோரை நினைத்துக்கொண்டார் என்பதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அந்த இடத்தை இன்று மக்கள் சங்கல்ப பூமி என்று வணங்குகின்றனர். உறுதிமொழி பூண்ட இடம் என்பது அதன் பொருள். நமக்கு அது முதலில், வெளிநாட்டுப் பயணம் முடித்து வந்த ஒருவருக்கு உடலைச் சாய்க்க இடம் கிடைக்காத இடமாகவே தெரிகிறது. மேற்படிப்புக்காகவோ வேலைக்காகவோ பெருநகரத்துக்கு வந்து வாடகைக்கு அறை தேடும் நம் மாணவர்களிடம், என்ன சாப்பிடுவீர்கள், சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்கும் வீட்டு உரிமையாளரை அவர்கள் அறிவார்கள். தடிதான் இப்போது கையில் இல்லை.

இந்தப் பின்னணியோடு டிரெஸ்டனுக்குத் திரும்புவோம். உணவுக்கட்டுப்பாடு, நீர்ச் சிகிச்சை, தூய காற்று ஆகியவற்றால் உடலைத் தேற்றும் இயற்கை மருத்துவ இல்லங்களுக்கு அந்நகரம் அக்காலத்தில் பெயர்பெற்றிருந்தது. அம்பேத்கருக்கு ஜெர்மனி புதியதும் அன்று. பான் பல்கலைக்கழகத்தில் பயிலும் எண்ணத்துடன் 1920களின் தொடக்கத்திலேயே அங்கு சென்றவர். ஜெர்மன் மொழி அறிந்தவர். அங்கே அவர் தம் பெயரிலேயே தங்க முடிந்தது. அவர் தொட்ட குவளையை யாரும் கழுவி ஒதுக்கி வைக்கவில்லை. பிறந்த நாட்டில் ஒரு சத்திரத்தின் மேல்தளத்தில் பதினோரு நாள் நிலைக்காத ஓய்வு, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் காசு கொடுத்தால் கிடைத்தது.

ஆனால் அந்த நாட்டை ஒரு சொர்க்கமாக நாம் எழுதிவிடக் கூடாது. அதே கோடையில், ஜூலை 31 அன்று நடந்த தேர்தலில் ஹிட்லரின் கட்சி 230 இடங்களுடன் ஜெர்மானிய நாடாளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சியானது. ஆறே மாதங்களில் ஆட்சி அவர்கள் கைக்குப் போனது. மனிதரைப் பிறப்பால் தரம்பிரிக்கும் நோய் ஒரு தேசத்தின் நடுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த நாட்களில், அதே நோயால் பிறந்த மண்ணில் துரத்தப்பட்டவர் அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தார். வரலாறு இப்படியும் சில வேளைகளில் அறைகளை ஒதுக்குகிறது.

ஆகஸ்ட் 17 அன்று அவர் பம்பாய் வந்து சேர்ந்தபோது வகுப்புவாரித் தீர்ப்பு வெளியாகியிருந்தது. தீண்டத்தகாத மக்களுக்குத் தனித் தொகுதியும், பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்குமாக இரட்டை வாக்குரிமை. லண்டனில் அவர் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலன். எரவாடா சிறையிலிருந்த காந்தியார் அதை எதிர்த்துச் சாகும்வரை உண்ணாவிரதம் அறிவித்தார். செப்டம்பர் 20 அன்று தொடங்கினார். டிரெஸ்டனில் தேறிய உடலும் மனமும் அடுத்த சில நாட்களில் முழுவதும் செலவாயின. ஒருவருடைய உயிருக்கு நாடே அவரைப் பொறுப்பாக்கியது, மிரட்டல்கள் வந்தன. உண்ணாவிரதம் முறியாமல் காந்தியார் இறந்தால் சேரிகளின் மேல் என்ன பாயும் என்பதை அவர் எண்ணாமல் இருந்திருக்க முடியாது. செப்டம்பர் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சட்டமன்றங்களில் 148 ஒதுக்கீட்டு இடங்கள் கிடைத்தன. இரட்டை வாக்குரிமை போயிற்று. அதன் விலையைக் கூட்டுத் தொகுதிகளில் இன்றுவரை நாம் செலுத்திவருகிறோம் என்பது எங்கள் கருத்து.

அந்த நவம்பரில் மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்காகவும், 1933 ஏப்ரலில் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்காகவும் மறுபடி லண்டன். 1934 ஜனவரி 8 அன்று திரும்பினார். மூன்றேகால் ஆண்டுகளில் ஐந்து முறை கடல் கடந்திருந்தார். இந்தக் காலம் முழுதும் வீட்டைச் சுமந்தவர் ரமாபாய். ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்து, கணவரின் நீண்ட பிரிவுகளையும் வறுமையையும் தாங்கி, நோயில் மெலிந்துகொண்டிருந்தவர். அம்பேத்கருக்கேனும் ஒரு டிரெஸ்டன் வாய்த்தது. ரமாபாய்க்கு எந்தச் சானட்டோரியமும் இல்லை. பண்டர்பூருக்குச் சென்று விட்டலனை வணங்க வேண்டும் என்பது அவருடைய எளிய ஆசை. தீண்டத்தகாதவர் வெளியே நின்று வணங்க வேண்டிய கோயிலுக்குப் போக வேண்டாம், உனக்கு வேறொரு பண்டர்பூரை உருவாக்குவோம் என்று கணவர் தடுத்தார். 1935 மே 27 அன்று அவர் இறந்தார். பெரும் மனிதர்களின் ஓய்வு பற்றி எழுதும்போது, அந்த ஓய்வுக்கும் சேர்த்து உழைத்த பெண்களை நாம் விட்டுவிடுவதுண்டு.

1934இல் இயக்கத் தோழர்கள் அவருடன் ஓர் உல்லாசப் பயணம் போக விரும்பினர். கூட்டமில்லை, தீர்மானமில்லை, எல்லோரா குகைகளைப் பார்ப்பதுதான் நோக்கம். சுமார் முப்பது பேர் தாங்கள் யாரென்று வெளியில் சொல்லாமலே ஐதராபாத் சமஸ்தானத்தின் வழியாகச் சென்றனர். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகங்களைக் கழுவ, கோட்டை வாயிலுக்கு வெளியிலிருந்த குளத்தில் இறங்கினர். வெண்தாடி முதியவர் ஒருவர் கூச்சலிட்டு ஓடிவந்தார். ரம்ஜான் மாதம் அது. குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டார்கள் என்று கூட்டம் கூடியது. அங்குள்ள தீண்டத்தகாத மக்களையும் அது வசைபாடியது. கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையுடன், ஆயுதமேந்திய காவலர் ஒருவரின் கண்காணிப்பில் அவர்கள் கோட்டையைச் சுற்றிப்பார்த்தனர். லண்டனில் ஓர் அரசியல் சட்டத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றுத் திரும்பிய அதே ஆண்டில் நடந்தது இது. பரோடாவையும் தௌலதாபாத்தையும் சேர்த்து எழுதிய அந்தச் சிறு தன்வரலாற்றுக் குறிப்புக்கு, விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற பொருளில் பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

தமக்கென்று அவர் அமைத்துக்கொண்ட இடம், தாதரில் எழுந்த ராஜகிருகம். பௌத்த வரலாற்றின் பழம்பெரும் நகரத்தின் பெயர் அது. அந்த வீட்டைப் பெரிதும் புத்தகங்களுக்காகவே கட்டினார். அங்கும் முழு நிம்மதி வாய்த்ததாகச் சொல்ல முடியாது. 2020 ஜூலையில் அந்த வீட்டு முற்றத்தில்கூடப் பூந்தொட்டிகளை உடைத்துப்போட ஆள் வந்தது.

தமக்குக் கிட்டாத ஓய்வை அவர் பிறருக்குச் சட்டமாக்கினார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1945இல் வந்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், வயதுவந்த தொழிலாளிக்கு ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை உரிமையாக்கியது. 1946 திருத்தம், ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆகக் குறைத்தது. ஊதியத்துடன் ஓய்வு என்பது முதலாளியின் கருணையன்று, தொழிலாளியின் உரிமை என்ற கருத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியவர், பூங்கா இருக்கையில் ரயிலுக்காகக் காத்திருந்த அதே மனிதர். அந்தச் சட்டத்தின் நிழல் எட்டாத வயல்களும் செங்கற்சூளைகளும் மலக்குழிகளும் இன்னும் யாருடைய பணியிடங்கள் என்பது இத்தளத்தின் வாசகர்களுக்குத் தெரியாததன்று.

பிற்காலத்தில் பூனாவுக்கு அருகே, தலேகாவ் தாபாடேயில் அவருக்கு ஒரு சிறு பங்களா இருந்தது. டெல்லியின் இரைச்சலிலிருந்தும் பம்பாயின் கூட்டத்திலிருந்தும் விலகி எழுதவும் இளைப்பாறவும் ஏற்ற இடம். 1948இல் அவர் மணந்த டாக்டர் சவிதாவின் மருத்துவக் கவனிப்பு உடனிருந்தது. ஆனாலும் பயணங்கள் குறையவில்லை. 1950இல் பௌத்த மாநாட்டுக்காக இலங்கை, 1954இல் பர்மா. அந்த டிசம்பரில் ரங்கூனில் நடந்த உலகப் பௌத்தர் மாநாட்டில் துணையின்றி நிற்கவும் முடியாத நிலையில் அவர் கலந்துகொண்டார். திரும்பியதும் ஓய்வெடுத்திருக்கலாம். மாறாக, டிசம்பர் 25 அன்று தலேகாவுக்கு அருகிலுள்ள தேஹு ரோடில், ரங்கூனிலிருந்து வந்த புத்தர் சிலையை எளிய மக்கள் எழுப்பிய விகாரையில் நிறுவினார். பண்டர்பூரின் விட்டலன் உண்மையில் புத்தரே என்று அங்கு அறிவித்தார். ரமாபாய் இறந்து இருபதாண்டுகள் நெருங்கிக்கொண்டிருந்தன.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். ஒரு மாதத்தில் காட்மாண்டு. அங்கே புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டு உரையாற்றினார். திரும்பும் வழியில் சாரநாத், குசிநாரா என்று புத்தரின் வாழ்விடங்களைத் தரிசித்து, மாத இறுதியில் டெல்லி சேர்ந்தார். கால்கள் தாங்கவில்லை, பார்வை மங்கியிருந்தது. இதுவே அவருடைய இறுதி வெளிநாட்டுப் பயணம். அதன் பிறகு அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில் அவருக்குக் கிடைத்தது ஒரு வாரத்துக்கும் குறைவான காலம். டிசம்பர் 5 இரவு, புத்தரும் அவர் தம்மமும் நூலுக்கான முன்னுரைப் பக்கங்களைப் பார்வையிட எடுத்துவரச் சொல்லிப் படுக்கையருகே வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அவர் எழவில்லை.

உடல் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு, ராஜகிருகத்தில் வைக்கப்பட்டு, டிசம்பர் 7 அன்று தாதர் கடற்கரையில் பௌத்த முறைப்படி எரியூட்டப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6ஐ ஒட்டி மராட்டியத்தின் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ரயிலேறி அங்கு வருகின்றனர். சைத்தியபூமியில் வரிசையில் நின்று வணங்கிவிட்டு, இரவில் அருகிலுள்ள சிவாஜி பூங்கா மைதானத்தில் கைப்பையைத் தலைக்கு வைத்து, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, வெறுந்தரையில் படுத்து உறங்குகிறார்கள்.